காயமுற்ற வீரரும் உளமீட்சியும்

உடலில் ஊறு நேர்ந்தவிடத்து மருத்துவனை நாடுதல் உலக வழக்கு. எலும்பு முறியின் அதனைப் பொருத்துதற்கும், தசை கிழியின் அதனைத் தைத்தற்கும், மூட்டு வீங்கின் அவ்வீக்கத்தைத் தணித்தற்கும் இன்றைய மருத்துவ நூல் வழிவகைகள் பலவற்றைக் கண்டுள்ளது. ஆயின், விளையாட்டையே தன் வாழ்வின் பெருமையாகக் கொண்ட இளைஞன் ஒருவன் காயமுற்றுக் கிடக்கும்போது முறிவது எலும்பு மட்டுமன்று. “நான் ஓட்டக்காரன்”, “நான் பந்தாட்ட வீரன்” என்று அவன் தன்னைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணமும் அவ்வெலும்போடு சேர்ந்தே முறிகின்றது. எலும்பை ஒட்டவைக்கும் மருத்துவன் அவ்வெண்ணத்தை ஒட்டவைக்க வல்லனல்லன். அப்பணி வீட்டாருக்கும், தோழருக்கும், சிறப்பாக ஆசிரியருக்கும் உரியது. அதன் இயல்பு யாது, அதனைச் செய்யும் முறை யாது என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்னிப் பெருநிலத்தில் வாழும் நமக்கு இப்பொருள் இரு காரணங்களால் நெருக்கமானது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் 2009ஆம் ஆண்டு முடிவுற்ற போரினால் கையையோ காலையோ இழந்தவரும், முள்ளந்தண்டு பழுதுற்றவரும் இன்றும் நம் அயலிலே வாழ்கின்றனர். அவருட் பலர் ஒரு காலத்தில் மைதானங்களில் ஓடியாடியவரே. இஃது ஒன்று. நம் பாடசாலைகளிற் பயிலும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு, ஊரார் தம்மை மதிக்கும்படி செய்யும் முதல் வாயில் மைதானமாகவே உள்ளது. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் முதலிடம் பெற்று, வலயத்திலும் மாகாணத்திலும் பெயர் நாட்டிய பிள்ளைக்கு அவ்வாயில் ஒரு நாளில் அடைபட்டுப்போமாயின், அவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடுதலும் உண்டு. இஃது இரண்டாவது. எனவே நாம் ஆராயப் புகுந்தது வெறும் விளையாட்டுச் செய்தியன்று. ஒரு மாணவனின் எதிர்காலத்தைப் பற்றியது.

தான் இன்னான் என்னும் உணர்வு

“நீ யார்?” என்று சிறுவன் ஒருவனை வினவின் அவன் பல விடைகளைத் தருவான். இன்னாரின் மகன், இன்ன ஊரான், இன்ன வகுப்பு மாணவன், கோயில் திருவிழாவிற் காவடி எடுப்பவன், கணக்கில் வல்லவன், பந்து உதைப்பவன் எனப் பலவாறு கூறுவான். இவை யாவும் சேர்ந்ததே அவனது தன்னடையாளம். பல விழுதுகளால் தாங்கப்படும் ஆலமரம் போல அஃது உறுதியாய் நிற்கும். ஆனால் அவன் விளையாட்டிற் சிறந்து விளங்குந்தோறும் ஏனைய விழுதுகள் மெல்ல மெல்ல அறுபடுகின்றன. காலையிற் பயிற்சி, மாலையிற் பயிற்சி, விடுமுறையிற் போட்டி, தோழரும் அவ்வணியினரே, ஊரார் அவனை அழைப்பதும் அப்பெயராலேயே. ஈற்றில் ஒரே விழுதில் முழு மரமும் தங்கி நிற்கின்றது.

அமெரிக்க உளநூலார் பிரூவர், வான் ரால்ட்டி, லிண்டர் என்னும் மூவர் 1993ஆம் ஆண்டில் இவ்வுணர்வை அளத்தற்கென ஓர் அளவுகோலை வகுத்து வெளியிட்டனர். வீரன் என்னும் தன்னடையாளம் எர்க்குலிசின் தசைவலியா, அன்றி அக்கிலீசின் குதிகாலா என்னும் வினாவையே அவர் தம் ஆய்வுக்குத் தலைப்பாக இட்டனர். கிரேக்கரின் அக்கதையை அறியாதார்க்கு நம்மிடையே வழங்கும் துரியோதனன் கதையே போதும். தாயின் பார்வை பட்ட உடல் முழுதும் வச்சிரமாயிற்று. படாத தொடையிலேயே அவனுக்கு முடிவு நேர்ந்தது. விளையாட்டே தான் என்று எண்ணும் வீரனுக்கு அவ்வெண்ணம் களத்திலே பெருவலியைத் தருகின்றது. பயிற்சியிற் சலியாத உழைப்பையும், தோல்வியில் தளராத உறுதியையும் அதுவே வழங்குகின்றது. ஆனால் காயமுறும் நாளில் அதே எண்ணம் அவனது மெலிந்த இடமாய் மாறுகின்றது. அவ்வெண்ணம் எத்துணை வலிதாயிருந்ததோ அத்துணைக்கு அவனது சோர்வும் ஆழமாகும்.

இதனால், வீரர் தம் விளையாட்டை மிகுதியாக நேசித்தல் தவறென்று கொள்ளலாகாது. நேசிக்கட்டும், ஆனால் ஏனைய விழுதுகளும் அறுபடாமற் காக்கப்படுதல் வேண்டும் என்பதே கருத்து.

இழப்பின் துயர்

காயமுற்ற வீரனின் துயரை நாம் பெரும்பாலும் உடல் வலியாகவே கருதிவிடுகின்றோம். அவன் இழந்தவற்றை எண்ணிப் பார்ப்பின் உண்மை விளங்கும். நாளொழுங்கை இழந்தான், தோழரின் சேர்க்கையை இழந்தான், பாராட்டை இழந்தான், தன் உடல் தன் சொற்படி கேட்கும் என்னும் நம்பிக்கையையும் இழந்தான். இத்துணை இழப்பும் ஒரே நாளில் நேர்ந்தால் அது துக்கத்தை ஒத்த நிலையே ஆகும்.

எலிசபெத் கூப்ளர் ரோஸ் என்னும் மருத்துவ அம்மையார் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், இறக்கும் தறுவாயிலுள்ள நோயாளர் மறுத்தல், சினத்தல், பேரம் பேசல், சோர்தல், ஏற்றுக்கொள்ளல் என்னும் ஐந்து படிகளைக் கடப்பர் என விளக்கினார். பின்வந்தோர் சிலர் காயமுற்ற வீரருக்கும் இதனைப் பொருத்திக் காட்டினர். ஆயினும், வீரர் எல்லாரும் இப்படிகளை ஒழுங்காகக் கடப்பர் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. இன்று தெளிந்த முகத்தோடு இருப்பவன் நாளை தன் அணி வெற்றி பெற்ற செய்தி கேட்டு மனமுடைந்து போதலும் உண்டு. ஆகவே, “ஒரு மாதம் கழிந்துவிட்டதே, இன்னுமா கவலை?” என்று வினவுதல் பொருந்தாது.

1998ஆம் ஆண்டில் வீஸ் பியோர்ன்ஸ்டாட் என்னும் ஆய்வாளரும் அவர்தம் துணைவரும் இதனினும் பொருத்தமான விளக்கம் ஒன்றைத் தந்தனர். காயம் எத்தகையது என்பதனோடு, அக்காயத்தை வீரன் எவ்வாறு பொருள் கொள்கின்றான் என்பதும் அவனது உணர்ச்சியையும் செயலையும் உருவாக்குகின்றது என்பது அவ்விளக்கத்தின் சாரம். ஒரே வகையான கணுக்காற் சுளுக்கு இருவருக்கு நேர்ந்தால், ஒருவன் “மூன்று வாரத் தடை” என்று கொள்கின்றான். மற்றவன் “என் காலம் முடிந்தது” என்று கொள்கின்றான். முன்னவன் கூறிய பயிற்சிகளைச் செய்கின்றான். பின்னவன் செய்யாது விடுகின்றான். செய்யாது விட்டமையாற் கால் குணமடையத் தாமதமாகின்றது. தாமதம் அவனது அச்சத்தை உறுதிப்படுத்துகின்றது. பொருள்கோள் திருந்தின் செயலும் திருந்தும். பொருள்கோளைத் திருத்துதல் சொல்லின் பணி. சொல் ஆசிரியனின் கருவி.

மனத்தின் பங்கு எத்துணைப் பெரிது என்பதற்குச் சான்று ஒன்று காட்டுவோம். முழங்கால் மூட்டினுள்ளே சிலுவை போற் குறுக்கிடும் இணைநார்கள் இரண்டுள. அவற்றுள் முன்னதாகிய நார் அறுபடுதல் பந்தாட்ட வீரர்க்கும் வலைப்பந்தாட்ட வீராங்கனையர்க்கும் நேரும் பெருங்காயங்களுள் ஒன்று. அந்நாரைச் சத்திரசிகிச்சையாற் சீர்செய்துகொண்டோர் பற்றி வெளிவந்த ஆய்வுகள் பலவற்றைக் கிளேர் ஆர்டன் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஒருங்கு தொகுத்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஏதேனும் ஒரு விளையாட்டுக்கு மீண்டோர் நூற்றுக்கு 81 பேர்; முன்னைய தரத்துக்கே மீண்டோர் 65 பேர்; போட்டி விளையாட்டுக்கு மீண்டோர் 55 பேர் மட்டுமே. மூட்டு நன்கு குணமடைந்தோருள்ளும் பலர் மீளாமைக்குக் காரணங்களுள் ஒன்று மீண்டும் காயமுறுவோமோ என்னும் அச்சமே என்பதை இத்துறை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். முழங்கால் ஆயத்தமான பின்னும் மனம் ஆயத்தமாகவில்லை.

வள்ளுவர் வகுத்த நான்கு

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்து இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தின் உறுப்புக்களை நான்காக வகுத்துள்ளார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அந்நான்கு. நம் காலத்து மக்கள் முதல் மூன்றையும் நன்கு நினைவிற் கொள்கின்றனர், நான்காவதை மறந்துவிடுகின்றனர். அருகிருந்து பேணுபவனை மருத்துவத்துக்குப் புறம்பான உதவியாளாக வள்ளுவர் கருதவில்லை. மருத்துவத்தின் கூறாகவே அவனை எண்ணினார். காயமுற்ற மாணவ வீரனுக்குத் தாயும் தந்தையும், அணித்தோழரும், பயிற்றுநரும், வகுப்பாசிரியரும் அந்நான்காம் உறுப்பினர் ஆவர்.

வள்ளுவர் நோயுற்றவனையும் ஓர் உறுப்பாக எண்ணியமை மேலும் சிந்திக்கத்தக்கது. அவன் மருத்துவத்தைப் பெறுபவன் மாத்திரமல்லன். அதிற் பங்குகொண்டு தொழிற்படுபவன். இக்கருத்தே இன்றைய உளநூலின் மையமாகவும் உள்ளது.

ஊக்கத்தின் மூன்று வேர்கள்

டெசி, ரயன் என்னும் அமெரிக்க உளநூலார் இருவர் மனித ஊக்கத்தை நீண்ட காலம் ஆராய்ந்து, அது மூன்று வேர்களால் உணவு கொள்கின்றது என நிறுவினர். தன் செயலைத் தானே தெரிந்து செய்கின்றேன் என்னும் உணர்வு முதலாவது. என்னால் இயலும் என்னும் திறனுணர்வு இரண்டாவது. நான் தனித்தவனல்லன் என்னும் உறவுணர்வு மூன்றாவது. காயம் இம்மூன்று வேரையும் ஒருங்கே அறுக்கின்றது. எழுவதற்கும் பிறர் கை வேண்டியிருத்தலால் முதலாவது போகின்றது. நேற்று நூறு மீற்றரை ஓடியவன் இன்று பத்தடி நடக்க இயலாமையால் இரண்டாவது போகின்றது. அணியினின்று விலகியமையால் மூன்றாவதும் போகின்றது. ஆகவே மீட்சி என்பது இம்மூன்றையும் மீண்டும் ஊன்றுதலேயாகும்.

முதல் வேரை ஊன்றுதற்கு, சிறியவாயினும் சில முடிவுகளை அவனிடமே விடுதல் வேண்டும். இயன்மருத்துவர் கூறிய பயிற்சிகளைக் காலையிற் செய்வதா மாலையிற் செய்வதா, எப்பயிற்சியை முதலிற் செய்வது என்பனவற்றை அவனே தீர்மானிக்கட்டும். “செய், செய்” என ஏவப்படும் பயிற்சி ஏவுவோர் அகன்றவுடன் நின்றுவிடும்.

இரண்டாம் வேரை ஊன்றுதற்கு, இலக்கைச் சிறு கூறுகளாக்குதல் வேண்டும். “மீண்டும் மாகாணப் போட்டியில் ஓடவேண்டும்” என்னும் இலக்கு தொலைவிலுள்ளது. அதனை நோக்குந்தோறும் சோர்வே மிகும். “இவ்வாரம் முழங்காலை இன்னும் சிறிது மடக்கவேண்டும்”, “அடுத்த வாரம் ஊன்றுகோலின்றி வாயில்வரை நடக்கவேண்டும்” என்பன எட்டக்கூடிய இலக்குகள். ஒவ்வொன்றை எட்டும்போதும் திறனுணர்வு ஒரு தளிர் விடுகின்றது. 1991ஆம் ஆண்டில் ஈவ்லேவா, ஓர்லிக் என்னும் இருவர் முழங்காலிலோ கணுக்காலிலோ காயமுற்ற 32 வீரரை ஆராய்ந்தனர். விரைந்து குணமடைந்தோர் இலக்கு வகுத்தல், தமக்குத் தாமே நம்பிக்கைச் சொற் கூறிக்கொள்ளல், உறுப்பு குணமடைவதை மனத்திற் சித்திரித்துப் பார்த்தல் ஆகிய மூன்றையும் ஏனையோரினும் மிகுதியாகக் கையாண்டமையைக் கண்டனர். இஃது ஒரு சிறிய ஆய்வே. இவற்றாலேயே குணம் விளைந்தது என இதுகொண்டு முடிவு கட்டலாகாது. எனினும், செலவின்றி எவரும் கைக்கொள்ளத்தக்க முறைகளை அது சுட்டிக்காட்டுகின்றது.

மூன்றாம் வேரை ஊன்றுவோர் தோழரே. இதனைப் பின்னர் விரிப்போம்.

வரலாறு கற்பிப்பன

உடற்குறை நேர்ந்தோர்க்கு விளையாட்டே மருந்தாகும் என்பதை உலகுக்கு உணர்த்தியவர் லுட்விக் குட்மன் என்னும் நரம்பியல் மருத்துவர். யூதராகிய அவர் நாற்சிகளின் கொடுமைக்குத் தப்பி 1939ஆம் ஆண்டில் இங்கிலாந்தை அடைந்தார். 1944ஆம் ஆண்டில் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டு பழுதுற்ற போர்வீரர்க்கான பிரிவை அவர் தொடங்கிய காலத்தில், அத்தகையோர் படுக்கையிலேயே கிடந்து விரைவில் இறப்பர் என்பதே பலரின் எண்ணமாயிருந்தது. குட்மன் அவரைப் படுக்கையினின்று எழுப்பிச் சக்கர நாற்காலியில் இருத்தி விளையாடச் செய்தார். இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய 1948 ஜூலை 29ஆம் நாளன்றே தம் வைத்தியசாலைப் புல்வெளியில் 16 பேர் பங்குகொண்ட வில்வித்தைப் போட்டியை நடத்தினார். அச்சிறு போட்டியே வளர்ந்து 1960ஆம் ஆண்டு உரோமில் நிகழ்ந்த முதற் பராலிம்பிக் விழாவாயிற்று. நோயாளி என்னும் பெயரை நீக்கி வீரன் என்னும் பெயரைச் சூட்டியமையே குட்மன் செய்த மருத்துவத்தின் சிறப்பு.

அண்டை நாட்டிலும் சான்றுகள் உள. இந்தியப் படையிற் குத்துச்சண்டை வீரராக விளங்கிய முரளிகாந்த் பேட்கர் 1965ஆம் ஆண்டுப் போரிற் குண்டுகள் பாய்ந்து நடக்கும் ஆற்றலை இழந்தார். குத்துச்சண்டை அவருக்கு மீளவில்லை. அவரோ நீந்தக் கற்றார். 1972ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் நிகழ்ந்த பராலிம்பிக் விழாவில் 50 மீற்றர் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்றார். இந்தியர் ஒருவர் பராலிம்பிக்கில் வென்ற முதலாவது தங்கம் அதுவே. குத்துச்சண்டை வீரர் என்னும் கிளை முறிந்தது. போட்டியிட்டு வெல்பவர் என்னும் அடிமரம் முறியவில்லை.

நடனமும் உடலையே கருவியாகக் கொண்ட கலையாதலின் சுதா சந்திரனை இங்கே நினைத்தல் பொருந்தும். 1981ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நேர்ந்த வீதி விபத்தின் விளைவாக வலக்காலின் கீழ்ப்பகுதியை இழந்த அவர், ஜெய்ப்பூர்க் கால் எனப்படும் செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு 1984ஆம் ஆண்டில் மீண்டும் மேடையேறிப் பரதம் ஆடினார். அச்செயற்கைக் காலை 1960களின் பிற்பகுதியில் உருவாக்கியோர் இராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் பி. கே. சேத்தி என்னும் எலும்பு மருத்துவரும் ஆவர். வெறுங்காலுடன் நடப்போர்க்கும், சம்மணமிட்டு இருப்போர்க்கும், வயற்சேற்றில் இறங்குவோர்க்கும் ஏற்ற கால் அஃது. 1987ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் நிறுவப்பட்ட ஜெய்ப்பூர்ப் புனர்வாழ்வு நிலையத்தின் வாயிலாக வடபகுதி மக்கள் பலரும் அத்தகைய கால்களைப் பெற்று நடமாடியுள்ளனர்.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியிற் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவின் வரலாறு ஆசிரியர்க்குரிய பாடமாகும். ஐந்து வயதிற் பேருந்து மோதி வலக்கால் நசுங்கியவர் அவர். பள்ளியிற் கரப்பந்தாட்டத்தில் விருப்பங்கொண்டிருந்த அவரை உயரம் பாய்தலுக்குத் தூண்டியவர் அப்பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரே. 14 வயதிற் குறையற்ற உடலினரோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றார். 2016ஆம் ஆண்டு ரியோ பராலிம்பிக்கில் 1.89 மீற்றர் பாய்ந்து தங்கமும், 2021இல் நிகழ்ந்த டோக்கியோ விழாவில் வெள்ளியும், 2024ஆம் ஆண்டு பாரிஸ் விழாவில் வெண்கலமும் வென்றார். அவ்வாசிரியர் அக்காலைப் பார்த்து இரங்கியதோடு நின்றிருப்பாராயின் இவ்வெற்றிகள் தோன்றியிரா.

நம் நாட்டிலே, உள்நாட்டுப் போரிற் கையிற் காயமுற்ற படைவீரராகிய தினேஷ் பிரியந்த ஹேரத், 2021 ஆகஸ்ட் 30ஆம் நாள் டோக்கியோவில் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு தங்கம் வென்றார். இலங்கை பராலிம்பிக்கில் வென்ற முதலாவது தங்கம் அது. இராணுவம் காயமுற்ற தன் வீரர்க்கென விளையாட்டுப் பயிற்சியையும் போட்டிகளையும் ஒழுங்கு செய்திருந்தமை அவர் போன்றோர்க்குத் துணையாயிற்று. காயத்துக்கு இனமும் இல்லை, அணியும் இல்லை. அவரது வெற்றியை மனமுவந்து பாராட்டும் நாம், அதே போரிற் காயமுற்ற வன்னி இளைஞர் எத்துணைப் பேருடைய கையில் எவரேனும் ஓர் ஈட்டியைக் கொடுத்தனர் என்னும் வினாவையும் கேட்டல் வேண்டும். முள்ளந்தண்டு பழுதுற்றோர்க்கென மாங்குளத்தில் தோன்றிய உயிரிழை என்னும் அமைப்பு, இரக்கத்தை எதிர்பாராது ஒருவர்க்கொருவர் துணையாகலாம் என்பதை நம் மண்ணிலேயே காட்டியது. அவ்வழியில் மைதானமும் சேர்தல் வேண்டும்.

நம் பகுதியின் நிலை

வன்னியிற் காயமுற்ற மாணவனுக்குச் சிறப்பான இடர்கள் சில உள. குடியிருப்புக்கள் ஒன்றுக்கொன்று தொலைவானவை. உட்கிராமத்துப் பிள்ளை கிழமைதோறும் இயன்மருத்துவரைக் காணவேண்டுமாயின், கூலி வேலைக்குச் செல்லும் தாயோ தந்தையோ ஒரு நாட் சம்பளத்தை இழந்து பேருந்திற் கூட்டிச்செல்லவேண்டும். இரண்டு முறை சென்றபின் மூன்றாம் முறை நின்றுபோதல் இயல்பு. ஆகவே வைத்தியசாலையிற் கற்ற பயிற்சியை வீட்டிலும் பள்ளியிலும் தொடரச் செய்தல் இன்றியமையாதது.

முறிவு நெரிவு வைத்தியரை நாடுதல் நம்மவரின் பழைய வழக்கம். அவருட் கைதேர்ந்தோர் பலர் உளர். அவர் காட்டும் பரிவும், நாடோறும் எண்ணெயிட்டுக் கட்டும்போது பேசும் ஆறுதல் மொழியும் மனத்துக்கு மருந்தே. எனினும், முதலில் வைத்தியசாலையிற் கதிர்ப்படம் எடுத்து முறிவின் தன்மையை அறிந்துகொள்ளல் வேண்டும். வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் நேரும் ஊறு கவனியாது விடப்படின் உறுப்பின் வளர்ச்சியே கெடுதலுண்டு.

பெண்பிள்ளைகளின் நிலை இதனினும் இடருடையது. ஆண்பிள்ளை காயமுறின் “சுகமானதும் விளையாடலாம்” என்பர். பெண்பிள்ளை காயமுறின் “இனி விளையாட்டே வேண்டாம், நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி நடக்கவேண்டாமா?” என்பர். உடல் குணமாகும் முன்னரே அவளது களம் மூடப்பட்டுவிடுகின்றது. பெற்றோரின் அச்சம் அன்பினின்று எழுவது. அதனை இகழாது, மருத்துவரின் கூற்றையும் மீட்சியின் படிகளையும் அவர்க்கு எடுத்துரைத்து, பிள்ளையின் விருப்பத்தையும் அவர் முன்னிலையிற் கேட்டறிதல் ஆசிரியர் கடனாகும்.

ஆசிரியர் செய்யத்தக்கன

மேற்கூறியவற்றினின்று பாடசாலையில் நாம் கைக்கொள்ளத்தக்க செயல்கள் சிலவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, காயமுற்ற முதற் கிழமையிலேயே வீட்டுக்குச் சென்று காணல். பழங்களோடு வகுப்பில் நடந்த பாடக் குறிப்புக்களையும் கொண்டுசெல்லுதல் நன்று. “நீ இன்னும் எங்கள் மாணவன்” என்பதை அக்குறிப்புக்கள் சொல்லாமற் சொல்லும்.

இரண்டாவது, அணியின் பெயர்ப்பட்டியலினின்று அவன் பெயரை நீக்காதிருத்தல். ஓடவியலாதவன் நேரங்கணிக்கலாம்; புள்ளி குறிக்கலாம்; தொடக்கநிலை மாணவர்க்குக் கைந்நிலையும் காலடியும் திருத்திக் கொடுக்கலாம். ஆயின் இதனை அவனிடம் கேட்டே செய்தல் வேண்டும். சிலர்க்குத் தோழர் விளையாடுவதைப் பார்த்திருத்தல் தொடக்கத்திற் பெருந்துன்பமாயிருக்கும், அவரை வற்புறுத்தலாகாது.

மூன்றாவது, மீட்சிக் குறிப்பேடு ஒன்றை எழுதச் செய்தல். இன்று செய்த பயிற்சி, வலியின் அளவு, மனநிலை ஆகியவற்றை நாடோறும் ஈரிரு வரிகளில் அவன் எழுதட்டும். சோர்வுற்ற நாளில் ஒரு மாதத்துக்கு முந்திய பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பின், தான் கடந்து வந்த தொலைவு அவன் கையெழுத்திலேயே அவனுக்குத் தோன்றும்.

நான்காவது, சொற்களிற் கவனம். “முந்தி நீ எப்படி ஓடினாய்!” என்னும் பாராட்டு காயமுற்றவனுக்குக் காயத்தின் மேற் காயம். “பாவம்” என்னும் இரக்கமும் அத்தகையதே. “இன்று என்ன செய்தாய்? எது கடினமாயிருந்தது?” என்னும் வினாக்கள் அவனைத் தொழிற்படுபவனாக மதிப்பன.

ஐந்தாவது, அறுபட்ட விழுதுகளை மீண்டும் நாட்டுதல். நூலகமும், பண்ணிசையும், பேச்சுப் போட்டியும், விட்டுப்போன கணிதமும் இக்காலத்திலேயே மீளத்தக்கன. அவன் விளையாட்டை மறக்கவேண்டும் என்பதற்காகச் செய்வதன்று இது; விளையாட்டு இல்லாத நாளிலும் அவன் ஒன்றுமில்லாதவனாகி விடலாகாது என்பதற்காகச் செய்வது.

ஆறாவது, அவசரப்படுத்தாமை. வலயப் போட்டி நெருங்கும்போது, சிறந்த ஓட்டக்காரனை வலிநீக்கி மாத்திரை கொடுத்தேனும் ஓடவைக்கும் எண்ணம் பயிற்றுநர்க்கும், சில வேளைகளிற் பெற்றோர்க்கும் எழுதல் உண்டு. வலி உடல் விடுக்கும் எச்சரிக்கை. மாத்திரை எச்சரிக்கையை அடக்குமேயன்றிக் காயத்தை ஆற்றாது. முன் சொன்ன முழங்கால் இணைநார்ச் சிகிச்சைக்குப் பின் களமிறங்கியோரைப் பற்றிக் கிரிண்டம் என்பாரும் துணைவரும் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதம் நிறையும்வரை ஒவ்வொரு மாதம் பொறுக்குந்தோறும் மீண்டும் காயமுறும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தமை காணப்பட்டது. ஒரு கேடயத்துக்காக ஒரு மாணவனின் முழங்காலை ஈடு வைத்தல் நமக்குத் தகாது. ஒலிம்பிக்கிற் பொன் வென்ற நீரஜ் சோப்ராவும் 2019ஆம் ஆண்டில் முழங்கைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, அவ்வாண்டின் உலகப் போட்டியையே விட்டுக்கொடுத்துப் பொறுத்திருந்தார். 2020 ஜனவரியில் தென்னாபிரிக்காவில் மீண்டும் களமிறங்கி 87.86 மீற்றர் எறிந்தார். 2021இல் டோக்கியோவில் தங்கம் வென்றார். பொறுத்தலும் பயிற்சியின் பகுதியே.

ஏழாவது, நம் எல்லையை அறிதல். உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எவரோடும் பேசாமை ஆகியன வாரக்கணக்கில் நீடிப்பினும், உயிர்வாழ்வில் விருப்பமின்மையைக் குறிக்கும் சொற்கள் ஒரு முறையேனும் தோன்றினும், அது நம் ஆறுதல் மொழியால் மட்டும் தீர்வதன்று. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அவனை உடன் அழைத்துச்செல்லல் வேண்டும். 1926 என்னும் தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கமும் உண்டு. உளநோய்க்கு மருத்துவரை நாடுதலில் இழுக்கு யாதுமில்லை என்பதை மாணவர் நம் வாயிலாகவே அறிதல் வேண்டும்.

மீளும் வழிகள் பல

மீட்சி என்றவுடன் பழைய களத்துக்கு முன்போல் திரும்புதலே எல்லார் மனத்திலும் தோன்றுகின்றது. நீரஜ் சோப்ரா போல அவ்வாறு திரும்புவோர் ஒரு சாரார். பேட்கர் போல வேறு களத்திற் புகுவோர் மற்றொரு சாரார். போட்டியை விடுத்து நடுவராகவோ, பயிற்றுநராகவோ, இயன்மருத்துவத்தைக் கற்பவராகவோ, அன்றி விளையாட்டுக்குத் தொடர்பில்லாத தொழிலராகவோ மாறுவோர் மூன்றாம் சாரார். இம்மூவரும் மீண்டவரே. மூன்றாம் சாராரைத் தோற்றவராகக் கருதும் மனப்பான்மை நம்மிடமிருந்து அகலவேண்டும். திரும்பவியலாத காயமுற்றவனிடம் “நிச்சயம் மீண்டும் ஓடுவாய்” எனப் பொய்ந்நம்பிக்கை ஊட்டுதல், “இனி உன்னால் ஒன்றும் இயலாது” என்பதைப் போலவே கொடிது. மருத்துவர் கூறும் உண்மையை மறையாது, அவ்வுண்மைக்குள் எஞ்சியுள்ள வழிகளை அவனோடு கூடியிருந்து தேடுதலே நேர்மையாகும்.

மைதானத்தில் அவன் கற்ற நற்பண்புகள் பல உள: குறித்த நேரத்தில் எழுதல், சலியாது பயிலுதல், தோல்வியிலும் கைகொடுத்தல், தன்னலம் விட்டு அணிக்கு ஆடுதல். இவை காலிலோ கையிலோ தங்கியிருப்பனவல்ல. ஆதலின் காலோடும் கையோடும் போவனவுமல்ல. இவ்வுண்மையை அவனுக்கு உணர்த்துவோமாயின், தான் யார் என்னும் வினாவுக்கு அவன் புதியதொரு விடையைத் தானே கண்டுகொள்வான்.

நம் பாடசாலைகள் ஆண்டுதோறும் வெற்றி பெற்ற வீரரை மேடைக்கு அழைத்து மாலை சூட்டுகின்றன, அது செய்யத்தக்கதே. அவ்வாண்டிற் காயமுற்றுக் களமிழந்த பிள்ளை எங்கே இருக்கின்றான், யார் அவனைச் சென்று கண்டனர் என்பதையும் ஒவ்வோர் ஆண்டும் விளையாட்டுக் குழுவின் கூட்டத்தில் ஒரு பொருளாக வைத்து ஆராயும் வழக்கம் தோன்றுமாயின், வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பு நம்மிடையே குறைவின்றி விளங்கும்.